உடையாத ஜன்னல்களுக்குக் கண்ணாடி

மனிதர்களின் முகம் எனக்குச் சட்டென்று மறந்துபோகும். ஜன்னல் மறக்காது. சொந்தச் சித்தப்பாவைக் கல்யாண வீட்டில் பார்த்து "சார், நீங்க மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டவன் நான். ஆனால் ஒரு கண்ணாடியை என் முன்னால் நிறுத்தினால், அது எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்த அறையில் உட்கார வேண்டியது என்று சொல்லிவிடுவேன். கண்ணாடிக் கடையில் பாதி ஆயுளைத் தேய்த்தவனுக்கு இது தானாக வந்துவிடும். பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்தத் திறமையால் எனக்கு இதுவரை கிடைத்த லாபம் தூக்கமின்மை.

அன்று காலை சகலை வருவதற்கு முன்னால் நான் கடையைத் திறந்துவிட்டேன். போட்டோ சட்டம் ஒன்றுக்குத் துண்டுக் கண்ணாடி தேவைப்பட்டது. பின்கட்டில், விற்காமல் நிற்கும் பழைய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டேன். துண்டு கிடைக்கவில்லை. புதிதாக வெட்டிய கண்ணாடிகள், இடையிடையே செய்தித்தாள் வைத்து, ஒழுங்காகச் சாய்த்து அடுக்கியிருந்தன. முதலில் நின்றது ஓர் அரைவட்டம். எங்கள் ஊரில் அரைவட்டக் கண்ணாடி ஒரே இடத்தில்தான் உண்டு, மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசற்கதவுக்கு மேலே.

ஓரத்தைத் தடவினேன். சாணைக்கல்லால் தேய்த்து மழுமழுவென்று இருந்தது. சகலையின் கைவேலை. நான் ஓரம் தேய்ப்பதில்லை. சட்டத்துக்குள் மறையப்போவதை யார் தடவப்போகிறார்கள் என்பது என் கொள்கை, அதாவது சோம்பல்.

வரும் வழியில்தான் மருந்துக்கடைக்காரர் வீட்டைத் தாண்டி வந்திருந்தேன். அரைவட்டம் முழுசாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஏதோ ஆர்டர் போல என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அதே வழியில் வந்தபோது கதவுக்கு மேலே ஓட்டை. வாசற்படியெல்லாம் சில்லு. ராத்திரி யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். நான் திகைத்து நிற்கும்போதே, எதிரே சகலை அரைவட்டத்தைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொண்டார்.

உடையப்போவது இவருக்கு முந்தின நாளே எப்படித் தெரிந்தது?

சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அக்காவைக் கட்டியவன், அவர் தங்கையைக் கட்டியவர். மாமனார் கண்ணை மூடும்போது கடையை எங்கள் இருவருக்கும் சேர்த்தே விட்டுப்போனார். பெரிய கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் இவர்கள் பிரிய மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். அவர் காலத்தில் ஊரில் வாக்கெடுப்பு எதுவும் வரவில்லை.

எங்களுக்கு வந்துவிட்டது. மேட்டுத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம், பள்ளத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டையும் ஒன்றாக்குவதா, இரண்டாகவே விடுவதா? கேட்க என்னவோ கட்டட விவகாரம் போலத்தான் இருக்கும். ஆனால் மேட்டுத் தெருக்காரர் பேச்சு வேறு, பள்ளத் தெருக்காரர் பேச்சு வேறு, கும்பிடுவதும் வேறு வேறு. மாதக்கணக்கில் ஊர் கொதித்தது. ஒரே பள்ளி வேண்டும் என்பவர்கள் ஒரு விரலைக் காட்டினார்கள், இரண்டு பள்ளி வேண்டும் என்பவர்கள் இரண்டு விரலைக் காட்டினார்கள். வீட்டு வாசலில் விரல் படம் போட்ட பலகை மாட்டினார்கள். அங்கங்கே பலகை மாட்டிய வீட்டு ஜன்னல் உடைந்தது. டீக்கடையில் இரண்டு டீ சொல்ல விரலை நீட்டினால் நாலு பேர் முறைத்தார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை அவசரமாக விரலைக் காட்டினால், வாத்தியார் வெளியே அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் அப்பா எந்தப் பக்கம் என்று யோசித்தார்.

நான் ஒற்றை விரல். மேட்டுத் தெருவில் வளர்ந்தவன். பிள்ளைகள் சேர்ந்து படித்தால் நாளைக்கு ஊரே சேர்ந்து வாழும் என்று உறுதியாக நம்புகிறவன். ஊரைச் சேர்த்துவைக்கும் இந்தக் கொள்கைக்காகச் சகலையோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

அவர் இரட்டை விரல், பள்ளத் தெரு. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நான், "பயந்தவங்கதான் பிரிஞ்சே இருக்கணும்னு சொல்வாங்க சகலை" என்றேன்.

"மேல உட்கார்ந்திருக்கறவங்களுக்குச் சேர்றது சுலபம் சகலை. உங்க பிள்ளை முன் பெஞ்சுலதான் இருப்பான். எங்க தெருப் பிள்ளைங்கதான் பின்னாடி போகும். நான் போயிருக்கேன், எனக்குத் தெரியும்."

"அது உங்க மனசுல இருக்கற பெஞ்சு."

அவர் டிபன் பாக்ஸை மூடினார், வெளியே போய் நின்று சாப்பிட்டார். அன்றோடு சரி.

ஆனால் ஒரே கடையில் ஒரே மேஜையில் வேலை செய்கிறவர்கள் பேசாமல் எப்படி? சாடையாகப் பேசினோம். அவர் கட்டரிடம் சொல்வார், "ஒருத்தர் மண்ணெண்ணெய் டப்பாவை மூடாமலே வெச்சிருக்காரு." நான் அளவுநாடாவிடம் சொல்வேன், "சில பேருக்குக் கண்ணும் கையும் இருக்கு, மூடலாம்." வாடிக்கையாளர்கள் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

கஷ்டம் வந்தது பெரிய கண்ணாடி தூக்கும்போதுதான். எங்கள் தொழிலில், படியேறும்போதும் வாசல் நுழையும்போதும் ஒருவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். கண்ணாடி இருவருக்கும் நடுவில். எதிரே இருப்பவர் பார்த்து வழி சொல்ல வேண்டும். குள்ளமானவர் பின்பக்கமாக நடப்பது வழக்கம், அதாவது நான். மாமனார் எங்களுக்குப் போட்ட ஒரே சட்டம், பின்பக்கமாக நடக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கையில் மிஞ்சுவது சில்லு. பல வருஷம் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. பேச்சு நின்ற வாரம் பார்த்தேன். அழகு நிலையத்துக்குக் கொண்டுபோன ஆளுயரக் கண்ணாடி வாசலிலேயே இரண்டானது. "ஒருத்தர் திரும்பிட்டாரு" என்றார் சகலை, கதவு நிலையைப் பார்த்து. அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

இந்த நிலையில்தான் அரைவட்டம்.

அவர் அதை மாட்டப் போன நேரத்தில் நான் மறுபடி பின்கட்டுக்குப் போனேன். அடுத்த கண்ணாடி, உயரமாக ஒல்லியாக, நூலகர் அம்மா வீட்டு மாடிப்படி ஜன்னல். மருந்துக்கடைக்காரரைப் போல அவரும் ஒற்றை விரல் பலகை மாட்டியவர். அதற்கடுத்ததை இழுத்தேன். வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வெட்டு. டிவி ஒயர் நுழைய நானே போட்ட வெட்டு. என் மனைவி இன்றுவரை திட்டும் வெட்டு.

என் வீட்டு ஹால் ஜன்னல்.

வாசலில் சகலையின் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குமேல் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். "நம்ம ஹால் ஜன்னலுக்கு அவர் கண்ணாடி வெட்டி வெச்சிருக்காரு."

"மூலை வெட்டோடயா?"

"மூலை வெட்டோடதான்."

"அது இல்லாம வெட்டச் சொல்லுங்க. பார்க்கவே சகிக்கலை."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்றே. நம்ம ஜன்னலை உடைக்கப்போறாங்க. அது அவருக்குத் தெரியும்."

"யாரு, தம்பியா? பல்லியைப் பார்த்தா நாற்காலி மேல ஏறி நிக்கற ஆளுங்க அவரு."

"அவர் இல்லை, அவரோட ஆளுங்க."

"அவரோட ஆளுங்கள்ல என் தங்கச்சியும் ஒருத்தி. அவ வந்து கல்லெறிவாளா? எறியறதுன்னா போன்ல சொல்லிட்டுத்தான் எறிவா."

அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசுகிறார்கள். அவர்கள் எந்த விரல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "முதல்ல அந்தத் துணியை மடிங்க" என்று பதில் வரும்.

அன்று சாயங்காலம் முழுக்கத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். தெருவில் போகிறவர்கள் எல்லாருமே என் ஜன்னலைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. ஒருவர் எங்கள் வாசலுக்கு நேராக வந்து குனிந்தார். கல் எடுக்கிறார் என்று கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். அவர் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்ன சார் வேணும்?" என்று என்னைக் கேட்டார், என் வாசலிலேயே. "ஒண்ணுமில்லை, காத்து வாங்க வந்தேன்" என்றேன். அவர் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் யார் மீதாவது சந்தேகம் இருந்திருக்கும்.

மறுநாள் மதியம் சகலை சாப்பிடாமல் வெளியே கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். துப்பறிகிறவனுக்குரிய ஒரு லட்சணமும் என்னிடம் இல்லை. பாதித் தூரத்தில் தும்மினேன். நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை. நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்கு எதிரே போய் நின்றார்.

பல் டாக்டர்தான் எங்கள் ஒற்றை விரல் பக்கத்துக்குத் தலைவர். அவர் கிளினிக் முகப்புக் கண்ணாடி ஊரிலேயே பெரியது, மாமனார் இருக்கும்போது நாங்கள் மூவருமாக மாட்டியது. சகலை இடமும் வலமும் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஒட்டி நடந்தபடியே, விரல்களை விரித்துச் சாண் போட்டார், யாரும் பார்க்காத மாதிரி, ஏதோ தூசியைத் தட்டுகிறவர் மாதிரி.

என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் அந்த வாரமே ஆட்டம் கண்டது. பயத்தில் பல்லைக் கடித்தது காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் போய்ப் படுத்தேன். அவர் வாயில் பஞ்சை அடைத்து, விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி, கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு அரசியல் பேச ஆரம்பித்தார்.

"எங்க ஆளுங்க வீட்டு ஜன்னலா பார்த்து உடையுது. உடைஞ்ச கொஞ்ச நேரத்துலயே உங்க கடையிலேர்ந்து கண்ணாடி வருது. அது எப்படிங்க?"

"ஆ" என்றேன். பஞ்சு.

"உங்க சகலை அந்தப் பக்கம்தானே?"

"ஆ."

"நீங்க நம்ம ஆளு. உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லை." கருவி பல்லின் வேரைத் தொட்டது. "ஆனா நம்ம பசங்களுக்குப் பொறுமை போயிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்கு. அதுக்குள்ள பேரைச் சொல்லிடுங்க. பசங்க போய்ப் பேசிப்பாங்க."

பசங்க எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளத் தெரு டியூஷன் வாத்தியாரிடம் போன மாதம் பேசினார்கள். அவர் இன்னும் ஒரு கையால்தான் சட்டை போடுகிறார். நான் சகலை பேரைச் சொன்னால் கை போகும், அல்லது கடை போகும். சொல்லாவிட்டால் என் ஜன்னல் போகும், அதற்குள் உட்கார்ந்து பாடம் எழுதும் பையன் மேல் சில்லு விழும். இதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். "வாயைக் கொப்பளிங்க" என்றார் டாக்டர்.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வாள். அன்று செய்யவில்லை. "என்ன சொல்லப்போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சகலை கை கழுவப் போனபோது, மிச்ச அடுக்கையும் பார்த்துவிடுவது என்று பின்கட்டில் நுழைந்தேன். என் ஹால் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது சைக்கிள் கடைக்காரரின் முன்பக்கக் கண்ணாடி. அவர் இரட்டை விரல்காரர்களின் தலைவர். அதற்குப் பின்னால், புகைபோக்கிக்கு வட்ட ஓட்டை விட்ட கண்ணாடி. சகலையின் சொந்த வீட்டுச் சமையலறை ஜன்னல்.

சந்தேகம் இருக்கிறதே, அதைக் கொல்ல முடியாது. ஒரு தீனியைப் பிடுங்கினால் இன்னொன்றைத் தேடிக்கொள்ளும். ஓஹோ, இரண்டு பக்கமும் உடைத்து இரண்டு பக்கமும் மாட்டுகிறாரா, வியாபாரமா, என்று ஒரு நொடியில் என் மூளை ஓடிவிட்டது. சொந்த வீட்டு ஜன்னலையும் உடைக்கிற அளவுக்கு வியாபாரப் புத்தி உள்ள ஆள் தேய்க்காமலே விற்கலாமே, ஏன் ஓரத்தையெல்லாம் மெனக்கெட்டுத் தேய்க்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை.

திரும்பினால் சகலை ஈரக் கையோடு நின்றிருந்தார்.

"சில பேர் மத்தவங்க அடுக்கை நோண்டறாங்க" என்றார் நிலைக்கண்ணாடியிடம்.

"சில பேர் உடையாத ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி வெட்டறாங்க" என்றேன் நானும் அதனிடமே. கண்ணாடிக்குள் இருவருமே தெரிந்தோம். என் முகம் அவரைவிடத் திருட்டு முகமாக இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வீட்டு ஜன்னல் உடைஞ்சா என்ன பண்றாங்க? அட்டையை ஒட்டி வெக்கறாங்க. கண்ணாடி வர ஒரு வாரம் ஆகுது. அந்த வாரம் பூரா போறவன் வர்றவன் எல்லாம் அட்டையைப் பார்க்கறான், போட்டோ எடுக்கறான், அது மேல கிறுக்கறான். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் போகுது. கல்லு விழுந்ததைப் பார்த்தவன் ஒருத்தனோ ரெண்டு பேரோ. அட்டையைப் பார்த்தவன் ஊர் பூரா."

"அதனால?"

"அட்டைக்கு முன்னாடி கண்ணாடி போயிடணும். அதனால பலகை மாட்டற வீட்டுக்கெல்லாம் வெட்டி வெக்கறேன். எந்த விரலா இருந்தாலும்."

"என் வீட்டுக்கு ஏன்?" வாய் தவறி நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒருத்தர் போன மாசம் பலகை மாட்டினாரே. எங்க ஆளுங்களை எனக்குத் தெரியும்." துண்டை ஆணியில் மாட்டினார். "அவரோட ஆளுங்களையும் தெரியும். அதான் என் வீட்டுச் சமையலறை."

நம்பினேனா? பாதி. மீதிப் பாதி, இவ்வளவு அழகாகச் சொல்கிறாரே, எப்போது தயார் செய்தாரோ என்று யோசித்தது. அதற்குள் போன் அடித்தது. பல் டாக்டர்.

"கிளினிக் கண்ணாடி போயிடுச்சு. இப்பத்தான், பட்டப்பகல்ல. நான் உள்ள இருந்தேன், எவன்னு பார்க்கலை. சாயங்காலக் கூட்டத்துக்கு ஆளுங்க இப்பவே வர ஆரம்பிச்சாச்சு. உடைஞ்சதை எல்லாரும் பார்க்கட்டும்னு அப்படியே விட்டிருக்கேன். வந்து பேரைச் சொல்லுங்க."

போனை வைத்தேன். சகலை சுவரோரம் போனார். உயரமான சட்டத்தின் முன்னால் தொங்கிய சாக்குத் துணியை விலக்கினார். உள்ளே, கிளினிக்கின் முகப்புக் கண்ணாடி நின்றது, ஓரமெல்லாம் தேய்த்து, துடைத்து, இப்போதே தூக்கலாம் என்பதுபோல.

இவ்வளவு தயாராக இருக்கிறாரே.

"இது ரெண்டு பேர் தூக்கற கண்ணாடி" என்றார், வேலைக் கையுறையை மாட்டிக்கொண்டே. "இல்லைன்னா ஒருத்தர் மட்டும் வெறுங்கையோட போய்ப் பேரைச் சொல்லிட்டு வரலாம். அதுக்கு ஒரு ஆள் போதும்."

"பேர் விஷயம் யார் சொன்னாங்க?"

"அக்கா தங்கச்சிகிட்ட சொன்னாங்க. அவ என்கிட்ட சொன்னா."

"எப்போ?"

"ஒருத்தர் பல்லு அடைச்சுட்டு வந்த அன்னைக்கே."

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து, என் எதிரே நின்று, கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஓடிப் போகவில்லை. ஊரில் மாமியார் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பவில்லை, மாமியார் வீடு பக்கத்துத் தெருவில் என்பது வேறு விஷயம். என் டப்பா மூடாததைக்கூட விடாமல் சாடை பேசியிருக்கிறார்.

இன்னொரு ஜோடிக் கையுறை ஆணியில் தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

தெரு முனையில் கூட்டத்துக்காகப் பெஞ்சு போட்டு அடைத்திருந்ததால் வண்டி போகாது. தூக்கிக்கொண்டு நடந்தோம். சமதளத்தில் இருவரும் ஒரே திசையில் நடக்கலாம், நான் முன்னால், அவர் பின்னால். எங்களுக்கு வழிவிட்டவர்கள் எல்லாம் என் பக்கத்து ஆட்கள். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார்கள். பதிலுக்குக் காட்ட என்னிடம் விரல் எதுவும் மிச்சமில்லை, பத்தும் கண்ணாடியில் இருந்தன. சகலையைப் பார்த்ததும் அவர்கள் கை கீழே இறங்கியது.

கிளினிக் வாசலில் படிகள். நல்ல கூட்டம். நான் திரும்பி நின்று பின்பக்கமாக ஏற வேண்டும். இப்போது கூட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால், படிகளில். என் கண்ணுக்குத் தெரிந்தது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சகலையின் முகம் மட்டும். அவருக்கோ எல்லாம் தெரிந்தது. எங்கள் பசங்களின் முகங்கள் அத்தனையும் அவருக்கு நேரே. இரண்டு கையிலும் கண்ணாடி. யார் என்ன செய்தாலும் தடுக்கக் கை இல்லை.

"இவன்தான்டா" என்று யாரோ என் பின்னால் சொன்னார்கள்.

சகலை பிடியை மாற்றிக்கொண்டார். "ஒருத்தர் காலை மேல வெக்கலாம்" என்றார்.

வைத்தேன்.

"ஒருத்தர் கொஞ்சம் வலது பக்கம்."

என் பக்கத்தில் நின்ற ஆள் ஒருவரும் வலது பக்கம் நகர்ந்து என் மேல் இடித்தார். கண்ணாடி லேசாக அதிர்ந்து ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அழகு நிலைய வாசலில் கேட்டது. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பின்னால் யார் நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், இவர் ஏன் என்னை வலது பக்கம் அனுப்புகிறார், அங்கே படி இருக்கிறதா இல்லையா? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம், திறந்திருந்தால் திரும்பியிருப்பேன்.

"சகலை" என்றேன். "கூப்பிட்டுச் சொல்லுங்க. இங்க ஒருத்தர் நிறைய பேர் இருக்காங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தது தப்போ என்று உடனே நிறுத்தியும் விட்டார்கள்.

"சகலை" என்றார் அவர். "படி இருக்கு, ஏறுங்க. இன்னொண்ணு. வலது தோளை உள்ள வாங்குங்க. குனியாதீங்க சகலை, நீங்க குனிஞ்சா நான் படுக்கணும். அவ்வளவுதான், வாசல் வந்தாச்சு."

பழைய சில்லுகளைச் சட்டத்திலிருந்து குறடால் பிடுங்கினோம். புதியதைத் தூக்கிப் பொருத்தினோம். அது விழாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், நாங்கள் சுற்றிலும் மரச்சட்டம் வைத்து ஆணி அடிக்கும்வரை. வாசலில் வெள்ளைக் கோட்டோடு நின்ற பல் டாக்டரிடம், "டாக்டர், உள்ளங்கையை விரிச்சு இங்க அழுத்துங்க. விட்டுடாதீங்க" என்றேன். அவர் யோசிப்பதற்குள் கண்ணாடி லேசாகச் சாய்ந்தது. பாய்ந்து வந்து அழுத்தினார். பக்கத்தில் நின்ற இரண்டு பசங்களும் அழுத்தினார்கள். அதில் ஒருவன் சற்று முன் "இவன்தான்டா" என்ற குரலுக்குச் சொந்தக்காரன். சகலை அவனுக்கு மிக அருகில் நின்று ஆணி அடித்தார். அவன் கைகளை எடுக்க முடியாமல் மூச்சை மட்டும் வேகமாக விட்டான்.

"பேர் என்னங்க?" என்றார் டாக்டர், கண்ணாடியை அணைத்தபடி.

என் உதடுகளுக்கு நடுவே ஆணிகள் இருந்தன. "ம்" என்றேன்.

"கேக்கறேன்ல."

"ம்ம்." ஆணியை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக அடித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. ஆனால் ஆணிகளுக்கும் ஒரு முடிவு உண்டு. கடைசி ஆணியும் உள்ளே போனது. வாய் காலி.

"கல்லெறிஞ்சது யாருன்னு எனக்குத் தெரியாது டாக்டர்" என்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பயத்தில் குரல் தானாக உயர்ந்ததும் ஒரு காரணம். "கண்ணாடி போட்டது யாருன்னு தெரியும். இவர் என் சகலை. இந்தக் கண்ணாடியை இவர்தான் வெட்டினாரு. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கும் இவர்தான். உங்க பசங்க இவர்கிட்ட பேசணும்னா, என் வீட்டுக்கு வந்து பேசட்டும். ராத்திரி அங்கதான் இருப்பாரு. என் கொழுந்தியாவும் இருப்பா, அவகிட்டயும் பேசலாம்."

"அப்ப உடையறதுக்கு முன்னாடியே எப்படி வெட்டினாராம்?" என்றான் பின்னால் ஒருவன்.

சகலை திரும்பவில்லை. "உடையும்னு தெரியும். உங்களை எனக்குத் தெரியாதா, எங்களை எனக்குத் தெரியாதா" என்றார்.

டாக்டர் கையை எடுத்தார். கண்ணாடியில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் வியர்வையாகப் பதிந்திருந்தன. கோட்டின் கையால் அதைத் துடைத்தார், பல்லைப் பார்க்கும்போது காட்டும் அதே அக்கறையோடு. ஒருவன் போன் எடுத்துப் படம் எடுக்கப் பார்த்தான். கண்ணாடியில் அவனே தெரிந்தான். போனை உள்ளே வைத்துக்கொண்டான்.

"சரி, வாங்க. கூட்டத்தை ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. சொன்னாலும் நாங்கள் போயிருக்க மாட்டோம். அன்று ஊர்வலம் எதுவும் பள்ளத் தெருப் பக்கம் போகவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கூட்டத்தில் தீர்மானம் ஒன்று போட்டார்களாம், காரசாரமாக. அவ்வளவுதான்.

ராத்திரி சகலை குடும்பம் எங்கள் வீட்டில் தங்கியது. அக்காவும் தங்கையும் போனில் பேச வேண்டியதையெல்லாம் நேரில் பேசினார்கள். நானும் அவரும் ஹாலில் பாய் விரித்து, ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தோம். கல் எதுவும் வரவில்லை. "அந்த மூலை வெட்டு அசிங்கமாத்தான் இருக்கு சகலை" என்றார் அவர், தூக்கக் கலக்கத்தில். அக்காவிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து இவருக்குப் போயிருக்கிறது.

கிளினிக்கில் கல்லெறிந்தது யார் என்று இன்றும் தெரியாது. எனக்கு ஒருவர் மேல் சந்தேகம், சகலைக்கு இன்னொருவர் மேல். வாக்கெடுப்பு நாள் இன்னும் வரவில்லை. நான் ஒரு விரல்தான், அவர் இரண்டு விரல்தான். பெஞ்சு விஷயமாக மதியச் சாப்பாட்டில் தினமும் சண்டை, ஆனால் உள்ளே உட்கார்ந்து.

போன திங்கட்கிழமை அவர் வருவதற்கு முன்னால் நான் ஒரு கண்ணாடி வெட்டினேன். அவர் தன் வீட்டுச் சமையலறைக்கு வெட்டினாரே தவிர, தெருவைப் பார்த்த அறையை விட்டுவிட்டார். அவர் மகள் அங்கேதான் உட்கார்ந்து படிப்பாள். சாணைக்கல்லை எடுத்து ஓரத்தையும் தேய்த்தேன். விரல் எரிந்தது. வேலை பிடிக்கவில்லை. அடுக்கின் கடைசியில், செய்தித்தாள் வைத்து, சாய்த்துவைத்தேன்.

சகலை வந்தார். எப்படியோ உடனே பின்கட்டுக்குப் போனார். அடுக்கை யாரும் நோண்டினார்களா என்று தினமும் பார்க்கிறார் போல. பிறகு அளவுநாடா சரக்கென்று நீளும் சத்தம் கேட்டது. அளக்கிறார். என்னைத்தான்.

"சகலை" என்று குரல் வந்தது.

"சொல்லுங்க."

"ஒரு நூல் கூடுதலா இருக்கு. சட்டத்துல உட்காராது."

"உங்க ஜன்னல்தான் ஒரு நூல் குறைச்சல். போய் அளந்து பாருங்க."

அவர் அளவுநாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நிஜமாகவே வீட்டுக்குக் கிளம்பினார்.